பால் பாக்கெட்டில் ஓடும் லாரி

நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளும் அறிக்கைகளைப் படித்து, அதில் எது நிஜம், எது ஆசை என்று பிரித்துச் சொல்வது என் வேலை. கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் சொல்வதையெல்லாம் பெண் வீட்டார் நாலு பேரிடம் விசாரிப்பார்களே, அந்த மாதிரி வேலைதான். ஒரே வித்தியாசம், முடிவில் யாரும் சாப்பாடு போட மாட்டார்கள்.

இந்தத் தடவை வந்தது மும்பை நிறுவனம் ஒன்றின் அறிக்கை. பெயரைச் சொல்லக் கூடாது. அட்டையில் ஒரு பச்சை லாரி. அதன் புகைக்குழாயிலிருந்து புகைக்குப் பதிலாக இலைகள் பறந்துகொண்டிருந்தன. ‘உங்கள் வீட்டுப் பால் பாக்கெட்டில் ஓடும் லாரி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே வழவழப்பான தாளில் மூன்று சங்கதிகள். தாராவியில் யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக்கை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் செம்பூர் ஆலையில் காற்றுப் புகாமல் சூடாக்கி எரிபொருளாக்குகிறார்கள். மாட்டுங்காவின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இந்தப் புனிதப் பணியில் மகிழ்ச்சியோடு கைகோத்துவிட்டன. கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. அங்கே என் கையெழுத்து வர வேண்டும்.

படித்ததை நேரில் போய்ப் பார்க்க ஐந்து நாள் கொடுத்தார்கள். வியாழக்கிழமை காலை மும்பையில் இறங்கினேன்.

டாக்சிக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “மதராஸா?” என்று கேட்டார். மலேசியா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அது மதராஸைத் தாண்டி எவ்வளவு தூரம்?” என்றார். கடல் இருக்கிறது என்று சொன்னேன். “அப்படியானால் மதராஸ்தான்” என்று முடித்துவிட்டு ஹார்னில் கையை வைத்தவர், மாட்டுங்கா வரும்வரை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் ஹார்ன் அடித்தால் அவன் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே அதை மூச்சு விடுவதுபோலச் செய்கிறார்கள்.

மாட்டுங்காவில் முதல் வேலையாக ரசவடை சாப்பிட்டேன். ரசத்தில் மிதந்த வடை. ஈப்போவில் என் அம்மா செய்யும் ரசம் ஒரு தட்டு காரம் என்றால் இது அரைத் தட்டு. ஆனால் வடை நன்றாக ஊறியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் முதல் வடையை முடிப்பதற்குள் இட்லி, தோசை, காபி மூன்றையும் முடித்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்த இடத்தில் உட்கார மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூவரும் என் தட்டையும் பார்த்தார்கள். நான் இரண்டாவது வடையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ‘எங்கள் கூட்டாளி’ என்று கீழே எழுதியிருக்கிறது. அவர்தான் விஸ்வநாதன் மாமா. பாலக்காட்டுக் குடும்பம், மும்பையில் மூன்றாவது தலைமுறை. இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கட்டடத்தின் செக்ரட்டரி. நான்காவது மாடி. லிஃப்டில் ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கியது. அட்டைமேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அங்கே எந்த வேலையும் நடக்கிற மாதிரி தெரியவில்லை.

“வாங்கோ வாங்கோ. மூச்சு வாங்கறதோ? உக்காருங்கோ” என்றவர் அறிக்கையைக் கையில் வாங்கி நேராகப் பதினான்காம் பக்கத்தைத் திருப்பினார். “இது நானாக்கும். நன்னா வந்திருக்கு, இல்லியா?”

நன்றாக வந்திருக்கிறது என்றேன். ஒப்பந்தம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒப்பந்தமா? ஒண்ணும் போடலையே. ஞாயித்துக்கிழமைதான் மீட்டிங். பில்டிங்கோட சூக்கா கச்ரா மொத்தமும் எங்களுக்குத்தான் தரணும்னு கம்பெனிக்காரா கேட்டா. போட்டோ எடுத்துக்கலாமான்னா. போட்டோக்கு என்ன, எடுத்துக்கோன்னேன்.”

சூக்கா கச்ரா என்றால் உலர்ந்த குப்பை. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: மூன்றாவது சங்கதி, ஆசை.

“இப்போ அதை யார் எடுத்துட்டுப் போறாங்க?”

“ஒரு பங்கார்வாலா. பழைய சாமான் எடுக்கறவன். தாராவியிலேர்ந்து வரான், பன்னெண்டு வருஷமா. நல்ல மனுஷன்தான், பாவம். ஆனா இவா கிட்ட ஆலை இருக்கு, சர்ட்டிஃபிகேட் இருக்கு. இப்போ வெளிநாட்டுலேர்ந்து நீங்களே வந்துட்டேள். நீங்க கையெழுத்துப் போட்டேள்னா நாங்களும் போட்டுடுவோம். பக்கத்து நாலு பில்டிங்கும் எங்களைப் பாத்துண்டுதான் இருக்கா.”

அதுவரை என் கையெழுத்து ஒரு கோட்டின் மேல் விழுகிற கிறுக்கல் என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஐந்து கட்டடங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மாமாவின் மனைவி தங்கம் மாமி காபி கொண்டுவந்தார். அன்பளிப்பாக நான் எடுத்துப் போயிருந்த ஈப்போ காப்பிப் பொட்டலத்தை நீட்டினேன். மாமி அதைப் பிரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார், அவ்வளவுதான். “இதுல என்னமோ கொழுப்பு சேத்து வறுத்திருக்கா. வெண்ணெய் இல்லை. வெண்ணெய் மாதிரி” என்றார். மார்ஜரின் சேர்த்துத்தான் வறுப்பார்கள். அசந்துபோனேன். “அவளை எந்தக் காப்பிக் கடைலயும் உள்ள விடமாட்டா. சிக்கரி எத்தனை கலந்திருக்குன்னு வாசல்லேர்ந்தே சொல்லிடுவா” என்றார் மாமா பெருமையோடு.

அப்போது கீழே ஒரு கைவண்டி வந்து நின்றது. மாமா பால்கனிக்குப் போய் ஹிந்தியில் என்னவோ கத்தினார். கீழே இருந்து ஹிந்தியில் பதில் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு தலைத்துண்டு மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தாராவி. மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு மொட்டைமாடி நிறையப் பிளாஸ்டிக் குவிந்து கிடக்கும் படம் இருந்தது. ‘தாராவியில் யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக்’ என்று அடியில் விளக்கம். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி வழி கேட்டேன். ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒருவர் என்னைக் கைப்பிடியாக அழைத்துப்போய்த் தன் மச்சான் நடத்தும் தோல்பை கடையில் நிறுத்தினார். ஒரு பை வாங்கிய பிறகுதான் அங்கிருந்து வெளியே வர முடிந்தது.

நான்காவது சந்தில் ஒரு பட்டறை. பெண்கள் எட்டொன்பது பேர் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த செல்லக்கனி என்ற பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தவள், “ஏ, இது நம்ம மாடில்லா!” என்று கத்தினாள். எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“வேண்டாததா? யாருக்கு வேண்டாம்? மூணு நாளு குந்தி உக்காந்து பிரிச்சு, கழுவி, காயப்போட்டது! முதுகு போச்சு எனக்கு. எந்த மூதி எழுதுனான் இத?” என்றாள் செல்லக்கனி. அந்த மூதி நான்தான் என்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பட்டறைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். இசக்கிமுத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம் திசையன்விளை, பதினாறு வயதில் வந்தவர். தலையில் துண்டு கட்டியிருந்தார். முந்தின நாள் மாடியிலிருந்து நான் பார்த்த துண்டு. “மாட்டுங்காவுல அஞ்சு பில்டிங்கு எடுக்கேன் அக்கா. நேத்து வந்தியளோ? இருங்க, டீ சொல்லுதேன்” என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் என் கையில் இருந்த அறிக்கையை ஒருமுறை பார்த்தார். “ஞாயித்துக்கெழம மீட்டிங் எனக்கும் தெரியும். அந்த அஞ்சு பில்டிங்குதான் எனக்கு நல்ல சரக்கு. மாமிமாரு பால் பாக்கெட்ட கழுவி, கிளிப்பு போட்டுக் காய வச்சுத் தருவாவ. மத்த எடத்து சரக்குல பாதி குப்பைக்குப் போயிரும். இது போச்சுன்னா கதவச் சாத்திட்டு இவுகள வீட்டுக்குப் போவச் சொல்ல வேண்டியதுதான்” என்றார். ‘இவுக’ என்றபோது அவர் கை அந்தப் பெண்களைக் காட்டியது. ஒருத்தரும் நிமிரவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கம்பெனி, யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக்கைத்தானே எடுக்கிறதா எழுதியிருக்கு?”

இசக்கிமுத்து சிரித்தார். மூலையில் நாலு மூட்டை இருந்தது. சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட். “இதான் யாருக்கும் வேண்டாதது. இத எடுத்துக்கிடுங்கன்னு அந்த ஆலைக்கு நானே கொண்டுபோயிக் குடுத்தேன். மறுநாளே திருப்பி அனுப்பிட்டாவ. மெஷினுக்கு ஆவாதாம். அவியளுக்கு வேண்டியது கழுவுன பால் பாக்கெட்டு. அதுல நான் தானா போடுதேன், தானாவுல பக்கெட் செய்யுதாவ. எதுக்கு அத எரிக்கணும்?”

தானா என்றால் உருக்கி வெட்டிய பிளாஸ்டிக் மணி. ஜவ்வரிசி மாதிரி இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: முதல் சங்கதி, தலைகீழ்.

எந்தப் பிளாஸ்டிக் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இசக்கிமுத்து ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். பற்றியதும் ஊதி அணைத்து, புகையை ஒரு இழுப்பு இழுத்தார். “மெழுகுதிரி அணஞ்ச மாரி வந்தா எல்.டி., பால் பாக்கெட்டு. முடி கருகுன மாரி வந்தா நைலான். தொண்டையப் புடிச்சா பி.வி.சி, தூர வீசிரணும்.” என்னிடம் ஒரு துண்டைக் கொளுத்தி நீட்டினார். நான் முகர்ந்துவிட்டுக் கேக் வாசனை வருகிறது என்றேன். பட்டறையே சிரித்தது. செல்லக்கனிக்கு என்மேல் இருந்த கோபம் அத்தோடு தீர்ந்தது. அவள் பங்கு வடாபாவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு போண்டாவை வைத்து, மேலே பூண்டுப் பொடி. மாட்டுங்காவில் பாதியில் விட்ட வடைக்கு இது ஈடு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை செம்பூர் போனேன். போனேன் என்று சொல்வது தப்பு. முதலில் வாஷி போனேன்.

குர்லாவில் ரயில் மாற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாறினேன். பெண்கள் பெட்டியில் ஏறினேன் என்றும் சொல்ல முடியாது, ஏற்றப்பட்டேன். எங்கள் ஊரில் இறங்குபவர்கள் இறங்கி முடித்த பிறகு ஏறுவார்கள். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நடக்கிறது. செம்பூர் வந்ததும் எழுந்து, “எக்ஸ்கியூஸ் மீ” என்றேன். அந்தப் பெட்டியில் அதை யாரும் இதற்கு முன் கேட்டதில்லை போலிருக்கிறது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது.

“செம்பூரா? குர்லாவிலேயே வாசலுக்கு வந்திருக்க வேண்டும்” என்றார் ஒரு மராத்திப் பெண்மணி. குர்லாவில்தானே ஏறினேன் என்றேன். “அப்படியானால் உள்ளே வந்தது தப்பு” என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் என்னைத் தள்ளினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் அதைவிட நன்றாகத் தள்ளினார்கள். ரயில் கடற்கழியைத் தாண்டியது. வாஷியில் எல்லோரும் கைதட்டாத குறையாக என்னை இறக்கிவிட்டார்கள். நடைமேடையில் நின்று பார்த்தபோது என் தோளில் வேறு யாருடைய டிபன் பையோ தொங்கியது. ரயிலோடு ஓடி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். தோல்பையை நல்லவேளையாக அறையிலேயே வைத்திருந்தேன்.

ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. நிறுவனத்தின் பிரதிநிதி நிகில் வாசலில் காத்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல பிள்ளை. தலைக்கவசம் கொடுத்தார், இளநீர் கொடுத்தார், ஆலையைச் சுற்றிக் காட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம். எண்ணெய் வேலை நடக்கும் இடத்தில் தரை வழுக்க வேண்டும். இங்கே தரையில் கோலம் போட்டிருந்தது.

“இன்று ஓடவில்லையா?” என்று கேட்டேன்.

“பராமரிப்பு. நேற்று ராத்திரி வரை ஓடியது.”

நான் அண்ணாந்து பார்த்தேன். புகைக்குழாயின் வாய்க்குள் சுள்ளிகள் தெரிந்தன. அதன்மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. வெறுமனே வந்து உட்கார்ந்த புறா இல்லை. மெத்தென்று பரவி, அசையாமல், அடைகாக்கிற புறா.

நிகிலும் அண்ணாந்து பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். “மும்பையில் புறாத் தொல்லை அதிகம்” என்றார்.

அலுவலக அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு குடுவை இருந்தது. பொன்னிறத் திரவம், பின்னால் சின்ன விளக்கு. ‘பால் பாக்கெட்டிலிருந்து’ என்று பலகை. திறந்து காட்டச் சொன்னேன். பாதுகாப்பு விதி இடம் தராது என்றார். மாதிரி எடுத்துப்போகலாமா என்றேன். கோலாலம்பூருக்கே அனுப்பிவைக்கிறோம் என்றார்.

வெளியே வந்து என் மேலாளருக்குப் போன் போட்டுப் புறாவைப் பற்றிச் சொன்னேன். “புறாவை ஆதாரமாக இணைக்க முடியாது. வேறு ஏதாவது பார்” என்றார். முட்டையோடு இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை மீட்டிங். கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். மாமா எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். நிகில் திரை, கணினி, பச்சைத் தொப்பிகள் எல்லாவற்றோடும் வந்திருந்தார். மேசைமேல் அந்தக் குடுவை.

வாசல் கேட்டுக்கு வெளியே கைவண்டி நின்றது. வியாழனும் ஞாயிறும் இசக்கிமுத்து சரக்கு எடுக்கும் நாட்கள். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிகில் அரை மணி நேரம் பேசினார். பூமி, பேரக்குழந்தைகள், ஆமை எல்லாம் வந்தன. கடைசியில் மாமா எழுந்து, “மலேஷியா மேடம் நேத்து ஆலையைப் பாத்துட்டு வந்திருக்கா. அவா ரெண்டு வார்த்தை சொல்லுவா” என்றார்.

அறிக்கை வெளியாகும்வரை நான் பார்த்ததை எவரிடமும் சொல்லக் கூடாது. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுந்து நின்றேன். கேட்டைப் பார்த்தேன். பொய்யும் சொல்ல முடியாது, நிஜமும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

“அந்தக் குடுவையைக் கொஞ்சம் திறக்கலாமா?” என்றேன்.

“ஆமாமா, தொறந்து காட்டுங்கோ. எங்காத்துப் பால் பாக்கெட்டுதானே” என்றார் தங்கம் மாமி. நாற்பது பேர் முன்னால் நிகிலால் பாதுகாப்பு விதியைச் சொல்ல முடியவில்லை. மூடியைத் திருகினார். குடுவை நேராக மாமியிடம் போனது.

மாமி மூக்கருகே கொண்டுபோனார். புருவம் சுருங்கியது. “லாரிக்குப் பின்னால நின்னா வருமே, அந்த வாசனை. ஆனா பிளாஸ்டிக்லேர்ந்து எடுத்தா எப்படி மணக்கணும்னு நேக்குத் தெரியாதே.”

“கேட் வாசல்ல நிக்கறானே, அவனைக் கேளுங்கோ. அதோட நாள்பூரா இருக்கறவன் அவன்தானே” என்றார் யாரோ. மாமா கேட்டைப் பார்த்துக் கையசைத்து, “ஏ பாயி, இதர் ஆவ்! யே சூங்கோ!” என்று முகர்ந்து பார்க்கக் கூப்பிட்டார். இசக்கிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குடுவையை வாங்கி ஒரே ஒரு இழுப்பு. “டீசல் ஹை, சாப். பம்ப் கா” என்றார்.

நிகில் சிரித்தார். இது சுத்திகரிக்கப்பட்ட எரிபொருள், அதனால் பிளாஸ்டிக் வாசனை தெரியாது, பாமர மக்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புரியாது என்று விளக்கினார். இசக்கிமுத்து ஹிந்தியில் என்னவோ சொல்லத் தொடங்கினார். நிகில் இடைமறித்தார். மறுபடி தொடங்கினார். மறுபடி இடைமறிப்பு. இசக்கிமுத்துவுக்கு மூக்கு விடைத்தது.

“எய்யா, நான் சொல்லுததக் கொஞ்சம் கேக்கியளா! குஜராத் பக்கம் இதே மாரி ஆலையில ரெண்டு மாசம் வேல பாத்திருக்கேன். பிளாஸ்டிக்லேருந்து எடுக்குத எண்ணெய் கறுப்பா இருக்கும், கைல பட்டா நாலு குளிப்புக்கும் நாத்தம் போவாது. ரெண்டு மாசமும் எஞ் சம்சாரம் எனக்கு வாசல்லதான் சோறு போட்டா! இது பங்க்ல வாங்குன டீசலு!”

யாரும் குடுவையைப் பார்க்கவில்லை. எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

“நீ… நீங்க தமிழா?” என்றார் மாமா.

“ஆமா.”

“பன்னெண்டு வருஷமா ஹிந்தில பேசிண்டிருக்கோமே!”

“நீங்கதான் மொத நாளே ஹிந்தில ஆரம்பிச்சிய. சரி, பெரிய பில்டிங்கு, இங்கன அதான் முறை போலன்னு நெனச்சேன்.”

தங்கம் மாமியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். “அப்போ நாங்க எங்களுக்குள்ள பேசிண்டதெல்லாம்?” என்றார் மெல்ல.

“கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன் மாமி. ‘இந்த மூஞ்சியப் பாரு, எடையில ஏமாத்தறான்’னு வாராவாரம் சொல்லுவிய. ஒரு நாளும் ஏமாத்தல.”

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நானும் இருமினேன்.

இருமல் அடங்கியதும் நான் அறிக்கையின் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். இது அச்சான பக்கம், ரகசியம் இல்லை. ‘இங்கே கிடைக்கும் எண்ணெய் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே விற்கப்படுகிறது’ என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டி, “அப்படியானால் இதைச் சுத்திகரித்தது யார்?” என்று நிகிலிடம் கேட்டேன்.

நிகில் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனோடு தூணுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார். “இது ஒரு பிரதிநிதித்துவ மாதிரி” என்றார்.

“எதுக்குப் பிரதிநிதி?” என்றார் மாமா.

“ஆலை ஓடத் தொடங்கும்போது வரப்போகும் எரிபொருளுக்கு.”

“அப்போ இது?”

நிகில் தரையைப் பார்த்தார். “எங்கள் ஆலைக்கு எதிரே ஒரு பம்ப் இருக்கிறது” என்றார். எனக்கு அந்தப் பிள்ளைமேல் பரிதாபமாக இருந்தது. அந்தக் குடுவையை நிரப்பியது அவராகக்கூட இருக்காது.

கை தூக்கச் சொன்னார்கள். சூக்கா கச்ரா இசக்கிமுத்துவுக்கே என்று முடிவானது. முதலில் தூக்கியது மாமி, இரண்டு கையையும். தீர்மானத்தை எழுத உட்கார்ந்த மாமா பேனாவோடு நிமிர்ந்து, “உங்க பேரென்ன?” என்று கேட்டார். இசக்கிமுத்து சொன்னார். மாமா எழுதினார். அதற்குள் மாமி மேலே போய்க் காபி கொண்டுவந்துவிட்டார், நான்கு மாடி, லிஃப்ட் இல்லாமல். இசக்கிமுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, “சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்கோ?” என்றார். மாமி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “கடைக்காரன் மாத்திப்டான். நேக்கும் சந்தேகந்தான்” என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததில் எங்களுக்கு இடமே இல்லை.

திங்கட்கிழமை காலை என் பங்கை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். பிற்பகல் விமானம். அதற்கு முன் விடைபெற்றுக்கொள்ளப் பட்டறைக்குப் போனேன். செல்லக்கனி எனக்குக் கீழே உட்கார அட்டை போட்டாள். அரை கிளாஸ் கட்டிங் டீ வந்தது. இசக்கிமுத்துவின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அந்தக் கம்பெனிலேருந்து காலைல போன் வந்துது அக்கா. என்னைய ஆலோசகரா வச்சுக்கிடுதாவளாம். மாசம் பொறந்தா சம்பளம். மோந்து பாத்துச் சொல்லுததுதான் வேல.”

நல்ல விஷயம்தானே என்றேன்.

“வேண்டாம்னுட்டேன். சம்பளம் வாங்குனா மூக்கு அவியளுக்குச் சொந்தம்லா. நாளைக்கு எத நீட்டுனாலும் மணக்குதுன்னு சொல்லணும்.”

அப்போது என் போன் ஒலித்தது. மேலாளரின் செய்தி. ‘குடுவையில் இருந்தது பம்ப்பில் வாங்கிய டீசல்’ என்று நான் எழுதிய வரியை, ‘மாதிரியின் மூலத்தை முழுமையாக உறுதிசெய்ய இயலவில்லை’ என்று மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றிக் கையெழுத்துப் போட்டால் இன்றே வேலை முடிந்துவிடுமாம். இசக்கிமுத்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

“உள்ளதத்தான எழுதியிருக்கிய? ஏன் மாத்தச் சொல்லுதாவ?”

“கம்பெனிக்காரங்க வருத்தப்படுறாங்களாம்.”

“அவிய வருத்தப்பட்டா உங்க ஆபீசுக்கு என்ன?”

டீயைக் கீழே வைத்தேன். “எங்களுக்குச் சம்பளம் தர்றதே அவங்கதான்” என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம், எல்லா ஊரிலும் அப்படித்தான், யாரைப் பார்க்கப் போகிறோமோ அவர்கள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். பதினெட்டு வருடத்தில் அதை நான் யாருக்கும் தமிழில் விளக்கியதில்லை. தமிழில் சொல்லும்போது கேட்கவே நன்றாக இல்லை.

இசக்கிமுத்து தன் டீயையும் கீழே வைத்தார். பிறகு, “அடப் பாவமே” என்றார். என்னைத் திட்டவில்லை. செல்லக்கனியைப் பார்த்து, “அக்காவுக்கு இன்னொரு டீ சொல்லுட்டி” என்றார்.

அந்த டீ வருவதற்குள், எழுதிய வரியை மாற்றாமல், கையெழுத்துக்கான கோட்டையும் காலியாகவே விட்டு, அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன்.